மேற்பல்லுக்குப் பின்னால் வெல்லம்

"வாயத் திறந்தபடியே இருங்கம்மா, மூடிராதீங்க. இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போய்விட்டாள். செண்பகவடிவு வாயைத் திறந்தபடியே கிடந்தாள். ஒரு வருஷமாக முந்தானையை விட்டு வெளியே வராத வாய். பால்காரர் முன்னால் திறக்காத வாய், பக்கத்து வீட்டுக்காரி எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தால்கூட உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கண்ணால் மட்டும் சிரித்த வாய், இப்போது மதுரையில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில், தலைக்கு மேல் விளக்கைப் போட்டு, சந்தையில் கடை விரித்த மாதிரி திறந்து கிடக்கிறது. மேல் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஊசி போட்டதில் மூக்குவரை மரத்துப் போயிருந்தது. கழுத்திலிருந்து முழங்கால்வரை பச்சைத் துணி. "கையத் தூக்கிறாதீங்க, துணி மேல படக் கூடாது" என்று நர்ஸ் பெண் சொன்னதிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அப்படி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பயத்தில் அதுகளே போய் நுழைந்துகொண்டன.

இன்றைக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் காலையில் விருதுநகரில் பஸ் ஏறினதிலிருந்து நினைத்துக்கொண்டு வருகிறாள், இன்றைக்குத் தெரிந்துவிடும், இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று, கப்பலூர் தாண்டும்போதுகூட அதே நினைப்புத்தான். ஆனி மாதத்தில் மேல் தாடையில் நான்கு ஸ்க்ரூ இறக்கி, ஈறை மூடித் தையல் போட்டு, போய்ட்டு வாங்க, எலும்பு மெதுவாப் பிடிக்கட்டும் என்று அனுப்பினார்கள். இப்போது மார்கழி. ஈறைத் திறந்து ஒரு இரும்புக் குச்சியால் ஸ்க்ரூவைத் தட்டிப் பார்ப்பார்களாம். "எலும்பு பிடிச்சிருந்தா பித்தளப் பாத்திரத்தத் தட்டுன மாதிரி டிங்னு கேக்கும். பிடிக்கலேன்னா மரக்கட்டயத் தட்டுன மாதிரி டொக்குன்னு கேக்கும். எக்ஸ்ரே, மெஷினு எல்லாம் இருக்கு, ஆனாலும் இந்தச் சத்தம் பொய் சொல்லாதும்மா" என்று டாக்டரம்மா சொன்னாள். அதைக் கேட்டதும் செண்பகவடிவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, ஏனென்றால் சத்தம் அவளுக்குத் தெரிந்த விஷயம். தேங்காயைத் தட்டியே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவாள், குடத்தைச் சுண்டியே விரிசலைக் கண்டுபிடித்துக் கடைக்காரன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துவிடுவாள். ஆனால் தெம்பு வந்த வேகத்திலேயே போனது. காது கேட்காத பிள்ளைக்காக வைக்கிற பல்லுக்குக் காதால் கேட்டு முடிவு சொல்லப்போகிறார்களாம். கடவுளுக்கு வேறு வேலையே இல்லையா என்று வந்தது அவளுக்கு. கோபமாகத்தான் வந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கோபப்படவும் முடியவில்லை, எச்சில் தொண்டைக்குள் போய்ப் புரையேறப் பார்த்தது.

காது கேட்காத பிள்ளை சன்னலோரம் நிற்கிறான். தவசிமுத்து, முப்பத்துமூன்று வயசு, மீசை வைத்த பிள்ளை. தலைக்கு மேலே இருக்கிற விளக்கின் ஓரத்து வெள்ளித் தகட்டில் அவன் சின்னதாக, வளைந்து தெரிந்தான். முகம் தெரியவில்லை, கைதான் தெரிந்தது. செல்போனைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, அதில் தெரிகிற பெண்டாட்டியோடு இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருந்தான். கோதை. அவளுக்கும் காது கேட்காது. ஐந்து மாசம் வயிற்றுப்பிள்ளைக்காரி, பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். காலையில் கிளம்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன பேச்சு என்று தெரியவில்லை, விரல்கள் அப்படி ஓடுகின்றன. அவன் கை மூக்கோரத்துக்குப் போனது, ஆட்காட்டி விரல் மூக்குத்தி போடுகிற இடத்தைத் தொட்டது. அப்படியென்றால் அம்மா. அது மட்டும் செண்பகவடிவுக்குத் தெரியும். மூக்கைத் தொட்டால் தன்னைப் பற்றிப் பேச்சு. வீட்டில் அடுப்படியில் நின்று பார்க்கும்போதெல்லாம் அந்த விரல் எத்தனை தரம் மூக்குக்குப் போகிறது என்றுதான் பார்ப்பாள். முன்பெல்லாம் அடிக்கடி போகும். இப்போது குறைந்துவிட்டது. இப்போது அதிகமாக வருவது வேறொன்று, நெஞ்சுக்கு நேரே இருந்து கையை வெளியே எறிகிற ஒன்று. போறது. கோயம்புத்தூருக்குப் போறது.

தை பிறந்ததும் போகிறார்கள். இங்கே அச்சாபீஸில் இருக்கிறவனுக்கு அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை, கோதைக்கும் வாங்கித் தருகிறார்களாம், அவர்களை மாதிரியே பேசுகிறவர்கள் ஒரு கூட்டமே அங்கே இருக்கிறதாம். இதையெல்லாம் அவன்தான் சொன்னான், வாயால்தான் சொன்னான், ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாக, பலகையை இழைத்த மாதிரி இருக்கிற அவன் குரலில். "தைல கோயம்புத்தூர் போறோம். நீயும் வா. வரலேன்னா இங்க இரு." அவ்வளவுதான். வரலேன்னா இங்க இரு என்பதை எந்த மாதிரிச் சொன்னான்? கோபமா, வருத்தமா, சும்மாவா? அவன் குரலில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. முகத்தில்தான் தேட வேண்டும், சொன்ன கையோடு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள். முந்தானையை எடுத்துவிட்டாள், வெட்கத்தை விட்டாள், போகாதே என்றாள். போ சொல்ல உதடு குவிந்தது, கா சொல்ல வாய் திறந்தது, தே வரும்போது நாக்குக்கு முட்டுக்கொடுக்கப் பல் இல்லை, நாக்கு வெளியே வந்து விழுந்தது. அவன் பார்த்தான். மறுபடியும் சொன்னாள். பார்த்தான். மறுபடியும் சொன்னாள். அவன் கண் அவள் வாயிலிருந்து மெதுவாக விலகிச் சுவரில் இருந்த காலண்டருக்குப் போனது. "புரியலம்மா" என்றான். புரியலம்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அவன் இந்த உலகத்தில் முதன்முதலில் படித்த எழுத்து அவள் வாய். அந்த வாயைப் பார்த்துப் புரியவில்லை என்று சொல்லிவிட்டான்.

எழுதிக் காட்டலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பெரிய யோசனை. சீட்டு எழுதாமலா இருக்கிறாள்? புளி இல்லை, கரண்ட் பில், சாயங்காலம் மழை வரும் கொடியில் துணி. ஐந்தாம் வகுப்புவரை படித்த கை அவ்வளவுதான் எழுதும். சீட்டில் சண்டை போட முடியுமா? சீட்டில் கெஞ்ச முடியுமா? போகாதே என்று ஒருநாள் எழுதினாள், பேனாவால் அழுத்தி எழுதினாள், எழுதிப் பார்த்தால் அது கடைக்காரன் போர்டு மாதிரி இருந்தது, இங்கே வண்டி நிறுத்தாதே என்கிற மாதிரி. கிழித்துப் போட்டாள். அதை வாயால் சொல்ல வேண்டும். அவன் கண் அவள் உதட்டில் நிலைத்து நிற்க வேண்டும், அவன் புருவம் கொஞ்சம் சுருங்கி, பிறகு தெளிந்து, ஆமாம்மா என்று தலை அசைய வேண்டும். முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது. திட்டினாலும் அப்படித்தான், கொஞ்சினாலும் அப்படித்தான். ஊரில் யார் பேசினாலும் பாதிதான் புரியும் அவனுக்கு, அவள் பேசினால் மட்டும் முழுசும் புரியும், இருட்டில் வத்திக்குச்சி வெளிச்சத்தில்கூடப் புரிந்துகொள்வான். மீதிப் பாதியை ஊராரிடமிருந்து அவள்தான் வாங்கி அவனுக்குக் கொடுத்தாள். அந்தப் பெருமையில்தான் நடந்தாள் தெருவில். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல.

டாக்டரம்மா இன்னும் வரவில்லை. தாடை வலிக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் மூடிக்கொள்ளலாமா? வேண்டாம், மூடினால் ஏதாவது ஆகிவிட்டால், மூடினதால்தான் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால். ஆறு மாதமாகக் கஞ்சியும் இட்லியும் மசித்த சாதமும்தான், ஒரு முறுக்கைக் கடித்ததில்லை, சர்க்கரை மாத்திரையை ஒருவேளை தவறவிட்டதில்லை, கோயில் பொங்கலைக் கையில் வாங்கி நெற்றியில் ஒற்றிப் பூனைக்கு வைத்தவள். சர்க்கரை ஏறினால் எலும்பு பிடிக்காது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். பல்லைத் தின்றதும் அந்தச் சர்க்கரைதான். முதலில் ஈறு வீங்கியது, பிறகு ரத்தம், பிறகு ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டே வந்தன, முன்பல் எல்லாம் ஒரே வாரத்தில் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. பிடுங்கின அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள். மேல் உதடு உள்ளே விழுந்து, மூக்கு கீழே இறங்கி, வாய் சுருக்குப்பை மாதிரி ஆகிவிட்டது. ஐயோ என்று முந்தானையை இழுத்து மூடினவள்தான். அதுதான் தப்பு. அன்றைக்கே அவனுக்குக் காட்டியிருக்க வேண்டும், இந்தா பார், இனிமேல் இந்த வாய்தான், இதைப் படித்துப் பழகு என்று விட்டிருக்க வேண்டும். பல்லுப்போன வாயை நாலுபேர் பார்க்கக் கூடாது என்று மூடினாள், அந்த நாலுபேரில் அவனையும் சேர்த்துவிட்டாள். அவன் பத்து நாள் அவள் முகத்தைப் பார்த்தான், ஒரு மாசம் பார்த்தான், துணியைப் பார்த்து என்ன செய்வான், பார்க்கிறதை விட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் கல்யாணம். அவன் கண்ணுக்கு வேறொரு இடம் கிடைத்துவிட்டது, பேச்சு முழுசும் விரலில் வைத்திருக்கிற பெண்ணிடம். நல்ல பெண்தான். குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாமல் இருப்பதுதான் பெரிய குறை.

பல் செட் கட்டிப் பார்க்காமல் இல்லை. கழற்றி மாட்டுகிற செட், விருதுநகரிலேயே செய்தது. மாட்டிக்கொண்டு, பவுடர் பூசி, பொட்டு வைத்து அவன் முன்னால் போய் நின்று தவசி என்று கூப்பிட்டாள். அந்தப் பேரில் முதல் எழுத்துக்கு நாக்கு மேற்பல்லைத் தொட வேண்டும், இரண்டாவதுக்கு மேற்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். வைக்கும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும், குலசாமி பேர் என்று அவன் அப்பா வைத்தது, மனுஷன் வைத்த கையோடு கண்ணை மூடிவிட்டார். செட் தடக்கென்று இறங்கி ஏறியது. அவன் முகத்தைச் சுளித்துப் பார்த்தான். "வேண்டாம்மா. யாரோ மாதிரி இருக்கு" என்றான். யாரோ மாதிரி. அன்றைக்கு ராத்திரியே அதைக் கழற்றி ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். அது இன்னும் அங்கேதான் சிரித்துக்கொண்டு கிடக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்த ஸ்க்ரூ. எலும்பிலேயே இறக்கி வைக்கிற பல், ஆடாது, இறங்காது, பிறந்த பல் மாதிரி என்று டிவியில் சொன்னார்கள். மூக்குத்தியையும் பெட்டியில் கிடந்த தாலிக்கொடியையும் தவிர எல்லா நகையையும் விற்றாள். கோதை தடுத்தாள், என்னவோ கையைக் காட்டி அவனிடம் சொன்னாள், அவன் சொன்னான்: "கோத சொல்றா, உனக்குக் கை பேச்சு சொல்லித் தர்றாளாம். சீக்கிரம் வந்துருமாம்." செண்பகவடிவு தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. மாட்டேன் என்பதற்குப் பல் தேவைப்படவில்லை.

மாட்டேன் என்றால் மாட்டேன்தான். கை கூடாது. கையால் பேச வைக்கவா அத்தனை பாடு பட்டாள்? காது கேட்காத பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளிக்கூடத்தில் தாய்மார்களையும் கூடவே உட்கார வைப்பார்கள். ரூபவதி டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாள், "கை சுலபம், வாய் கஷ்டம். சுலபமானதக் காட்டுனீங்கன்னா பிள்ள கஷ்டமானத விட்டுரும். கையக் கட்டிப் போட்டாத்தான் வாய் வரும்." அவன் அப்போது மூன்று வயசுப் பொடியன். அவனாகவே ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தான். யாரும் சொல்லித் தராமல், தூங்கி எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே தன் மூக்கோரத்தைச் சின்ன விரலால் தொடுவான். அவளுடைய சிவப்புக்கல் மூக்குத்தி. அம்மா எங்கே என்று அர்த்தம். அவள் ஓடிவருவாள். பள்ளிக்கூடம் போன பிறகு ஓடி வரவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே, அவன் பார்க்கிறான் என்று தெரிந்தும், பார்க்காத மாதிரி நிற்பாள். அவன் மூக்கைத் தொடுவான், மறுபடி தொடுவான், அழுவான், மூக்கைத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து போகும். பக்கத்தில் போய் அந்தக் கையைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் அவன் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார வைத்து, உதட்டைச் சேர்த்துப் பிடித்துக் காட்டுவாள். ம். ம்மா. சொல்லு. மறுபடி. ம்மா. மறுபடி. சொன்னால்தான் தூக்குவாள். சொன்னான். சொல்லிவிட்டான், நாலு மாசம் கழித்து, பங்குனியில் ஒரு மத்தியானம், ம்ப்பா என்று ஒரு மாதிரி, ஆனால் சொல்லிவிட்டான். அவள் தெருவுக்கே கேட்க அழுதாள். அது சரிதானே. சரியில்லை என்று யார் சொல்வது? இன்றைக்கு அவன் கடைக்குப் போய் அரைக்கிலோ தக்காளி என்று சொல்லி வாங்கி வருகிறானே, அது எங்கிருந்து வந்தது? கையைக் கட்டினதால்தான் வந்தது. வந்ததா இல்லையா? தொடைக்கு அடியில் அவள் கைகள் மரத்துப் போயிருந்தன. எடுக்கலாமா என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

த எழுத்துக்குத்தான் ரொம்பப் பாடு. நாக்கு எங்கே போக வேண்டும் என்று அவனுக்கு எப்படிக் காட்டுவது? வெல்லப்பாகு காய்ச்சி, விரல் நுனியில் தொட்டு, அவன் மேற்பல்லுக்குப் பின்னால் தடவுவாள். நாக்கு தானாகத் தேடிப் போய் நக்கும். அந்த இடம்தான். அங்கே நாக்கை வை, ஊது, த. பிறகு அவன் விரலை எடுத்துத் தன் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள், த சொல்வாள், நாக்கு அவன் விரலில் மோதும். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பிலும் சத்தம் வராது. எத்தனை வருஷம் அந்தச் சின்ன விரல் அவள் பல்லை எண்ணிக்கொண்டிருந்தது. நகத்தில் மண் இருக்கும், வெல்லம் இருக்கும். அவன் வாயில் தடவினது போக மிச்சத்தை அவள் நக்கிவிடுவாள். அப்போது தின்ற வெல்லம்தான் இப்போது சர்க்கரையாக வந்ததோ என்னவோ. டாக்டர் இல்லை என்பார். டாக்டருக்கு என்ன தெரியும்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எக்ஸ்ரே பாத்தேன். பின்னாடி ரெண்டும் பிரமாதம். முன்னாடி ரெண்டையும் தட்டிப் பாத்துருவோம், என்ன?" என்றாள். அந்த என்ன என்கிறதைச் செண்பகவடிவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்ன என்றாள்? சாதாரணமாகச் சொல்கிற என்னவா, இல்லை வேறெதையாவது மனசில் வைத்துக்கொண்டு சொல்கிற என்னவா? ஈறை ஏதோ இழுப்பது தெரிந்தது, வலி இல்லை, இழுப்பு மட்டும். வெள்ளித் தகட்டில் தவசியின் கைகள் நின்றுவிட்டன. போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கால்மாட்டில் வந்து நின்றான். வேண்டாம், நீ பார்க்காதே, ரத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். பார், பார், இங்கேயே பார் என்றும் நினைத்தாள். பின்னால் வலது பக்கம் தட்டினாள் டாக்டரம்மா. டிங். மண்டைக்குள்ளே கேட்டது, காதுக்கு வெளியிலிருந்து இல்லை, எலும்புக்கு உள்ளேயிருந்து, பூஜை மணி மாதிரி சுத்தமாக. இடது பக்கம், டிங். தாயே, மீனாட்சி, இன்னும் இரண்டுதான், இந்த இரண்டு மட்டும், முன்னால் இருக்கிற இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது, த இருக்கிறது, வ இருக்கிறது, பிள்ளை பேர் இருக்கிறது, போகாதே இருக்கிறது. டொக்.

இல்லை. குச்சி சரியாகப் படவில்லை. டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மறுபடி தட்டினாள். டொக். பக்கத்தில் இருந்ததைத் தட்டினாள். டொக். அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அழுகின தேங்காய். எத்தனை அழுகின தேங்காயைத் தட்டின உடனே தூக்கி ஓரமாக வைத்திருப்பாள், கடைக்காரன் நல்லாருக்கும்மா, உடைச்சுத்தான் பாரேன் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்டிருப்பாளா? மறுபடி தட்டச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எத்தனை தரம் தட்டினாலும் அதுதான். டாக்டரம்மா குச்சியை வைத்துவிட்டு விரலால் ஸ்க்ரூவைத் தொட்டாள், அது திருகாணி மாதிரி லேசாகச் சுழன்று வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "அம்மா, ரெண்டும் பிடிக்கல. எடுத்துர்றேன், வச்சிருந்தா புண்ணாயிரும். அந்த இடத்துல எலும்பு ரொம்ப மெலிசும்மா, சர்க்கரையும் இருக்கு, திரும்ப வச்சாலும் பிடிக்கும்னு நா சொல்ல மாட்டேன். செட்டு மாட்டிக்கலாம். மனச விட்டுராதீங்க" என்றாள். தட்டில் இரண்டு தடவை கிணுங் என்று விழுந்தது. தட்டில் விழும்போது மட்டும் நல்ல சத்தம் வருகிறது பாவிக்கு. பஞ்சை உருட்டி உருட்டி வாய்க்குள் வைத்தார்கள். "ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது" என்றாள் நர்ஸ் பெண். பேசக் கூடாதாம். பெண்ணே, நீ நல்லா இரு.

தை பிறக்க இன்னும் எத்தனை நாள். நாள் எதற்கு, பல்லே இல்லை. இனி என்றைக்கும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்தான். பஸ் ஏறிப் போய்விடுவார்கள், அங்கே பிள்ளை பிறக்கும், அது காது கேட்கிற பிள்ளையாகவே இருக்கட்டும், அதற்கு யார் தாலாட்டுவார்கள், அவளிருந்தால் தாலாட்டுவாளே, பல் இல்லாத வாயும் தாலாட்டுமே, அதையாவது சொல்லியிருக்கலாமே. எதையும் சொல்லவில்லை. இனிமேல் எப்படிச் சொல்ல? கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. "என்ன?" என்று கேட்டான் தவசி. டாக்டரம்மாவிடம் கேட்டான். அவள் முகமூடியோடேயே என்னவோ சொன்னாள், பிறகு நினைவு வந்து முகமூடியை இறக்கி, வாயைப் பெரிசாகத் திறந்து, கத்திச் சொன்னாள், "ரெண்டு ஸ்க்ரூ பிடிக்கல! எலும்பு இல்ல!" கத்தினால் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது, கத்தினால் உதடு கோணத்தான் செய்யும். அவன் அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். புரியவில்லை. புரியாதபோது அவன் என்ன செய்வான் என்று செண்பகவடிவுக்குத் தெரியும். முப்பது வருஷமாகச் செய்ததைத்தான் செய்தான், யோசிக்காமல், பழக்கத்தில். அம்மா பக்கம் திரும்பினான். நாற்காலியைச் சுற்றி வந்து, குனிந்து, அவள் வாயை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பார்க்கிறான். இதற்குத்தானே. இந்த ஒரு பார்வைக்குத்தானே வளையலும் சங்கிலியும் போயிற்று, ஒரு வருஷமாக இதைத்தானே கேட்டாள். புருவம் சுருங்கி, கண் கொஞ்சம் இடுங்கி, முழு மனுஷனும் அவள் உதட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான். உதடு மரத்துக் கிடக்கிறது, வாய் நிறையப் பஞ்சு, பஞ்சு நிறைய ரத்தம். ம் என்று ஒரு சத்தம் மட்டும் மூக்கு வழியாக வந்தது, அது அவனுக்கு எதற்கு. அவன் கண் இன்னும் கொஞ்சம்தான் நிற்கும். இப்போது விலகும். விலகிச் சுவருக்குப் போகும், இந்தச் சுவரில் பல் படம்தான் மாட்டியிருக்கிறது, அதற்குப் போகும். போகாதே. ஐயோ போகாதேடா. தொடைக்கு அடியிலிருந்து வலது கையை இழுத்தாள். மரத்துப்போன கை, யாருடைய கையோ மாதிரி பச்சைத் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "அம்மா, கையத் தூக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள் நர்ஸ் பெண். ஆட்காட்டி விரல் மூக்கோரத்துக்குப் போய் மூக்குத்தியைத் தொட்டது. மூக்கும் மரத்திருந்தது, தொட்டது விரலுக்குத்தான் தெரிந்தது. அம்மா. பிறகு கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து வெளியே எறிந்தாள், அடுப்படியில் நின்று ஆறு மாதமாகப் பார்த்த அந்தப் போறதை. பிறகு வேண்டாம் என்பதற்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கோதை என்னவோ செய்வாளே, சாதம் போதும் என்று சொல்லும்போது, விரலை விரித்தா, மடக்கியா? விரித்தாள், மடக்கினாள், உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கை காட்டுகிற மாதிரி இருந்தது, அது இல்லை, அது இல்லை, தலையையும் சேர்த்து ஆட்டினாள், பஞ்சு கடைவாய்க்கு ஒதுங்கி ரத்தம் தாடையில் இறங்கியது.

தவசி அசையாமல் நின்றான். வாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அவள் கைக்கு இறங்கியிருந்தது. அவன் முகம் என்னவோ ஆனது. அவள் அதைப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் தன் கையை நீட்டி, அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். கட்டை விரலை உள்ளே மடக்கினான். மற்ற விரல்களை ஒன்றொன்றாக நீட்டி ஒட்டி வைத்தான். மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை திருப்பிக் காட்டினான். அவன் நகத்தில் அச்சாபீஸ் மை இருந்தது.

"அப்படி இல்ல. இப்படி" என்றான். பிறகு கையை விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் போய் நின்று அவள் கையைப் பார்த்தான்.

"மறுபடி" என்றான்.